கொத்தி எருப்போடும் பொறுமை

(லெந்து கால மாலைக் கூடுகையில் அளித்த தேவசெய்தி. வேத பகுதிகள்: லூக்கா 13:6–9, யாக்கோபு 5:7–11)



 வயல் வேலையும் கம்பெனி வேலையும் முடித்துச் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். கோவளத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த லெந்து நாட்களில் கிறிஸ்தவனுடைய பொறுமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சபையார் கேட்டுக்கொண்டார்கள்.

பொறுமை என்றதும் நம் மனதுக்கு முதலில் வருவது எது? வாயை மூடிக்கொண்டிருப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக் கடத்துவது. 'நம்ம கையில் என்ன இருக்கு' என்று விட்டுவிடுவது. இதையெல்லாம் நாம் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நமக்கு வாசிக்கப்பட்ட லூக்கா சுவிசேஷப் பகுதியில் ஆண்டவர் காட்டுகிற மனிதரைப் பாருங்கள்.

திராட்சத் தோட்டத்தில் ஒரு அத்திமரம் நிற்கிறது. மூன்று வருடமாகத் தோட்டத்தின் சொந்தக்காரர் வந்து பார்க்கிறார். ஒரு பழம்கூட இல்லை. வெட்டிப்போடு, நிலத்தை வீணாக ஏன் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர் குறுக்கே வருகிறார். இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் தான் என்ன செய்யப்போகிறார் என்றும் சொல்லுகிறார்: மரத்தைச் சுற்றிக் கொத்துவேன், எருப்போடுவேன் என்கிறார்.

பிரியமானவர்களே, இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். தவணை மட்டும் கேட்கிறவர் பொறுமையுள்ளவர் இல்லை. தவணை கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுக்கிறவரே பொறுமையுள்ளவர். காத்திருக்கிற காலத்தில் அன்பு செய்கிற வேலைக்குப் பெயர்தான் கிறிஸ்தவப் பொறுமை.

முதலில் பொறுத்தவர் தேவன்

பொறுமையை நாம் நம்முடைய நல்ல குணமாக எண்ணித் தொடங்கினால் இரண்டு நாளில் களைத்துப்போவோம். வேதம் அங்கே தொடங்கவில்லை. தேவன் நம்மைப் பொறுத்தார் என்கிற இடத்தில் தொடங்குகிறது. ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்பதற்காகவே அவர் தாமதிக்கிறார் என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் கற்பிக்கிறது. அவருடைய தாமதம் மறதியினால் வந்ததில்லை, இரக்கத்தினால் வந்தது.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதையே ஒரு கடன்காரனை வைத்துச் சொன்னார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன். அந்நாளில் ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. கணக்குப் போட்டால் அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி ஆகிறது. எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடைக்க முடியாது. அவன் ராஜாவின் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும்படி கெஞ்சினான். ராஜா மனதுருகிக் கடன் முழுவதையும் தள்ளிவிட்டார். வெளியே வந்தவன் தன்னிடம் நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி, கடன் வாங்கியவனைப் பார்த்து அவன் கழுத்தைப் பிடித்தான். அவனும் காலில் விழுந்தான். சற்று முன்பு இவன் எந்தச் சொற்களில் கெஞ்சினானோ அதே சொற்களில் அவனும் கெஞ்சினான். இவனோ இரங்கவில்லை.

நாம் யார்மேல் எரிந்து விழுகிறோமோ அவர்கள் நம்மிடம் பட்ட கடன் நூறு நாள் கூலிதான். நமக்குத் தள்ளிவிடப்பட்ட கடன் ஆறு கோடி. இந்தக் கணக்கு மனதில் நிற்கும்வரை பொறுமை வற்றாது. இந்தக் கணக்கை மறந்தவன் எவ்வளவு ஜெபித்தாலும் அவன் கை அடுத்தவன் கழுத்தை நோக்கித்தான் போகும்.

திருமணியில் நடந்தது

கொத்தி எருப்போடும் பொறுமைக்கு உதாரணம் தேடி நாம் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய செங்கல்பட்டை ஒட்டித் திருமணி இருக்கிறது. இன்றைக்கு அங்கே மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. 1955இல் அரசு அதை ஏற்பதற்கு முன்பு, 1924இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக அது இருந்தது. ஸ்காட்லாந்து மிஷனின் ஊழியர்கள் அங்கே உழைத்தார்கள்.

அந்த நாட்களில் தொழுநோய் வந்தவருக்கு ஊரில் இடமில்லை. வீட்டில் தனித் தட்டு, பிறகு தனிக் குடிசை, கடைசியில் ரோடு. லேவியராகமத்தின் காலத்தில் பாளயத்துக்குப் புறம்பே நிறுத்தினார்களே, அதே நிலைதான் நம் ஊர்களிலும். மருந்தென்று இருந்தது நீரடிமுத்து இனத்து விதைகளிலிருந்து எடுத்த எண்ணெய். அதை ஊசியில் ஏற்றித் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். வலி கடுமையானது. பலன் உறுதியில்லாதது. அப்படியிருந்தும் மருத்துவர்களும் செவிலியரும் குத்தினார்கள், புண்களைக் கழுவிக் கட்டினார்கள், பதிவேடுகளை எழுதி வைத்தார்கள்; நோயாளிகள் பொறுத்தார்கள்.

அந்த நோயின் இயல்பே நிதானமானது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். வேறு பல கிருமிகள் அரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இந்தக் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கிறது. உடம்புக்குள் புகுந்து அடையாளம் காட்டச் சராசரியாக ஐந்து வருடம். சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். சோதனைக்கூடக் கண்ணாடித் தட்டில் அதை வளர்க்க இன்றுவரை முடியவில்லை. இப்படிப்பட்ட நோயோடு போராட வந்தவர் அவசரக்காரராக இருந்தால் ஆறு மாதத்தில் மூட்டை கட்டியிருப்பார்.

டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவசரக்காரர் இல்லை. 1930களிலும் 40களிலும் திருமணியில் ஊழியம் செய்தவர் அவர். சல்போன் மருந்துகள் வந்தபோது, அவற்றில் ஒன்றான டாப்சோனை இந்தியாவில் தொழுநோயாளருக்குக் கொடுத்துப் பார்ப்பதில் முன்னின்றவர்களில் ஒருவர். நீரடிமுத்து ஊசி போட்ட காலத்தில் அவர் 'வேறு மருந்து வரட்டும், அதுவரை சும்மா இருப்போம்' என்று இருக்கவில்லை. இருந்ததை வைத்து உழைத்தார். அதனால்தான் புதிய மருந்து வந்த நாளில் அதைக் கொடுக்கத் தெரிந்த கைகளும், வாங்கிக்கொள்ள நம்பிக்கையுள்ள நோயாளிகளும் அங்கே தயாராக இருந்தார்கள்.

1947இல் காக்ரேன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட்தான் அவர். நோயாளிகளின் விரல்கள் பறவைக் கால்போல மடங்கிக் கிடப்பதைப் பார்த்து, இது ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். நீர்தானே எலும்பு மருத்துவர், நீர்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் காக்ரேன் பதில் சொன்னார். எத்தனையோ லட்சம் பேருக்கு இருக்கிற ஊனம். அதை ஆராய அதுவரை ஓர் எலும்பு மருத்துவரும் முன்வரவில்லை.

அந்த நாளில்தான் பிராண்ட் ஒரு வாலிபரின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செத்த கை என்று நினைத்தார். பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்தது. அப்படியானால் அந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன! அந்த ஒரு கைப்பிடியிலிருந்து அவருடைய வாழ்நாள் வேலை தொடங்கியது. நூற்றுக்கணக்கான கைகளைத் தொட்டு, அளந்து, எந்த நரம்பு கெடுகிறது, எந்தத் தசை தப்புகிறது என்று எழுதி வைத்தார்கள். 1948இல் முதல் அறுவை. நன்றாக இருக்கும் ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினார்கள். பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டு, மாதக்கணக்கில் பயிற்சி. ஒரு விரல் நிமிர இவ்வளவு வேண்டியிருந்தது.

அதோடும் முடியவில்லை. கை நிமிர்ந்து வெளியே போனவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. மடங்கிய கையைக் காட்டினால் பிச்சையாவது விழுந்தது; நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை என்று திரும்பி வந்து முறையிட்டவர்கள் உண்டு. அப்போது அந்த மருத்துவர்கள், எங்கள் வேலை முடிந்தது, இனி உன் பாடு என்று சொல்லவில்லை. தச்சு வேலையும் பொம்மை செய்கிற வேலையும் கற்றுக்கொடுக்க வேலூரில் நவஜீவ நிலையம் எழும்பியது. மரத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் கொத்தினார்கள். பொறுமை இதுதான் பிரியமானவர்களே. ஒரு கதவு திறந்து அதற்குப் பின்னால் இன்னொரு கதவு பூட்டியிருந்தால், அந்தப் பூட்டின் முன்னும் உட்கார்ந்து வேலையைத் தொடங்குவது.

பிறகு டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. அதற்கும் அயராமல் உழைத்தார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆயுள் முழுவதும் மாத்திரை என்றிருந்த நிலைமை மாறி, இன்று நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து எடுத்தால் குணம் ஆகிறது, மருந்தும் இலவசம். திருமணியில் நீரடிமுத்து ஊசி போட்ட செவிலியர் பலர் அந்த நாளைக் காணவில்லை. எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாசிகளைப் பற்றிச் சொல்வதுபோல, அவர்கள் தூரத்திலே கண்டு வாழ்த்திவிட்டுப் போனவர்கள்.

மரத்துப்போவது பொறுமை ஆகாது

பிராண்ட் கண்டுபிடித்த இன்னொரு உண்மை இருக்கிறது. நம் ஆத்துமாவுக்கு அது மிகவும் தேவை. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. அவர் பல காலம் கவனித்துச் சொன்னது வேறு. கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் கை சுடுகிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேயிருக்கிறது. கால் முள்ளின்மேல் நடந்துகொண்டேயிருக்கிறது. பெரியவர் ஒருவரால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திருகித் திறந்துவிட்டான். விரல் எலும்புவரை கிழிந்து இரத்தம் சொட்டுவது அவனுக்குத் தெரியவே இல்லை. வலிதான் உடம்பைக் காக்கிற வரம் என்று பிராண்ட் தம் வாழ்நாளெல்லாம் போதித்தார்.

அந்தக் கை சுடுகிற பாத்திரத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்து, எவ்வளவு பொறுமையுள்ள கை என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். மரத்த கை என்போம். நம்மில் பலர் பொறுமை என்று பெருமைப்படுவதும் இப்படி மரத்துப்போனதுதான். பக்கத்து வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கிறது. நமக்கு ஒன்றும் உறுத்தவில்லை. சபையில் ஒரு குடும்பம் ஆறு மாதமாக ஆராதனைக்கு வரவில்லை, யாரும் தேடவில்லை. நாம் அமைதியாக இருக்கிறோம், ஆகவே நாம் பொறுமைசாலிகள் என்று நினைக்கிறோம். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். கூடப் பாடுபடாத அவயவத்துக்கு நரம்பு கெட்டிருக்கிறது.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் நம் ஆண்டவரைப் பாருங்கள். தொழுநோய் உள்ள ஒருவன் முழங்காலில் நின்று வேண்டுகிறான். ஆண்டவர் மனதுருகினார், கையை நீட்டினார், தொட்டார். அதன் பிறகே அவன் சுத்தமானான். சுத்தமான பிறகு தொடுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். அவரோ அதற்கு முன்பே தொட்டார். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். குணமானவன் புறப்பட்டுப் போய் எங்கும் சொன்னான். அந்தச் செய்தி பரவியதால் இயேசு ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். அவன் நின்ற இடத்தில் இவர் நின்றார். கல்வாரிக்குப் போகிற வழி அங்கேயே தொடங்கிவிட்டது.

யோபு வாய் மூடவில்லை

யாக்கோபு தம் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணமாக யோபுவைக் காட்டுகிறார். யோபுவின் புத்தகத்தை முழுவதும் வாசித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்த அந்த மனிதர் மௌனமாகவா இருந்தார்? தாம் பிறந்த நாளைச் சபித்தார். தேவனோடு வழக்காடினார். ஏன், ஏன் என்று அதிகாரம் அதிகாரமாகக் கேட்டார். புத்தகத்தின் முடிவில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார்? தேவனுக்கு வக்காலத்து வாங்கி, யோபுவின்மேல் பாவத்தைச் சுமத்திய சிநேகிதர்களையே. யோபு நிதானமாய்ப் பேசினார் என்று தேவனே அவருக்குச் சாட்சி கொடுத்தார்.

ஆகவே அழுவது அவிசுவாசம் ஆகாது. யோபு ஒன்றை மட்டும் செய்யவில்லை: தேவனைவிட்டுப் போகவில்லை. முறையிட்டதும் அவரிடமே முறையிட்டார். சங்கீதக்காரர்களும் அப்படித்தான். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் அந்தப் பாத்திரம் நீங்கும்படி அழுது கேட்டார், எழுந்து போய்விடவில்லை.

நம் கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26ஆம் தேதி மறக்காது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்திலும் கல்பாக்கத்திலும், அவற்றின் பக்கத்துக் குப்பங்களிலும் சுனாமி அலை புகுந்தது. பிள்ளைகளையும் பெற்றோரையும் படகையும் வலையையும் ஒரே காலையில் இழந்தவர்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் இது தண்டனை, அது அடையாளம் என்று விளக்கம் சொல்லி மைக் பிடித்தவர்கள் நாட்டில் உண்டு. யோபுவின் சிநேகிதர்கள் செய்த பிழையையே அவர்கள் செய்தார்கள். அந்தச் சிநேகிதர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: வந்த புதிதில் ஏழு நாள் இராப்பகலாக ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தது. துக்க வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் அதுதான். கூட உட்காருங்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். மருத்துவமனைக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூட நடங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

யாரிடம் பொறுமை கேட்கிறோம்?

இப்போது கடினமான ஒரு காரியம் சொல்ல வேண்டும். பொறுமையைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் அதை யாரிடம் எதிர்பார்க்கிறார்கள்? பெரும்பாலும் பாடுபடுகிறவர்களிடம். பாடுபடுத்துகிறவர்களிடம் யாரும் போய், உன் பேராசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள் என்று சொல்வதில்லை.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவம் என்று அழைக்கப்படும் பெரிய பாறைச் சிற்பத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் ஓரத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பி ஓர் எச்சரிப்பை அங்கே செதுக்கி வைத்தார். அடக்கமான தோற்றம் எல்லாம் அடக்கமில்லை. சில பொறுமைகள் இரைக்காகக் காத்திருக்கின்றன. ஏழைகளுக்குப் பொறுமையைப் போதித்து அவர்கள் நிலத்தைத் தின்றவர்களின் கதை இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், இங்கே சேரிகளில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருந்த குடிசையின் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனுக் கொடுத்தால் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றது. அப்போது செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரு அவர்களைப் பார்த்து, பரலோகத்தில் உங்களுக்கு நிலம் உண்டு, இங்கே பொறுத்திருங்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்காக அரசிடம் வாதாடினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பு எழும்பப் பாடுபட்டார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்த நிலம் வெளியார் கைக்கு எப்படிப் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். நூறு வருடம் கழித்து, காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நூறு வருடம் காத்திருந்த சனத்தைப் பொறுமையற்றவர்கள் என்று யார் சொல்ல முடியும்? நியாயாதிபதியின் வாசலைத் திரும்பத் திரும்பத் தட்டிய விதவையை லூக்கா 18இல் ஆண்டவர் மெச்சினார். சோர்ந்துபோகாமல் நீதியைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் பொறுமைதான். அவள் தட்டியதை நிறுத்தியிருந்தால் அதற்குப் பெயர் சோர்வு.

சபையும் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தொழுநோயாளரின் கையைப் பிடித்த மிஷனரிகளைக் கொண்டாடுகிறோம். ஆனால் இந்த நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலேயே தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. மற்ற மதத்தாரின் சட்டங்களிலும் அப்படியே. மருந்து வந்து பல பத்தாண்டுகள் கடந்து, 2019இல்தான் அது நீக்கப்பட்டது. கிருமிக்கு ஒரு வருடத்தில் மருந்து வேலை செய்கிறது; மனிதர் மனதில் இருக்கும் பயத்துக்கு இன்னும் காலம் வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இன்றும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்படுகிறது. உணர்ச்சியில்லாத தேமல் தோலில் தெரிந்தால் மறைக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அடுத்தவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று காலம் கடத்துவது பொறுமை ஆகாது; அது கையையும் காலையும் கண்ணையும் பறிக்கும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுகிறேன். கணவனிடம் அடி வாங்குகிற பெண் போதகரிடமோ மாமியாரிடமோ வந்து அழுதால், பொறுத்துப்போ அம்மா, ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதற்குச் சிலுவையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். நம் ஆண்டவர் தம் ஜீவனைத் தாமாகவே கொடுத்தார்; ஒருவரும் அதை அவரிடமிருந்து பறிக்கவில்லை. அவளை முதலில் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்ய உதவுங்கள். அவனிடம் போய்ப் பேசுகிற கடினமான வேலையைச் சபையின் மூப்பர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டிலும் சபையிலும்

அப்படியானால் நாம் தினமும் என்ன செய்வது? தொழுநோயில் பாத உணர்ச்சி போனவர்களுக்கு மருத்துவமனைகளில் ஒரு பழக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள். தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டும். புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடாமல் நடக்கக் கூடாது. இதில் அற்புதம் ஒன்றும் தெரியாது. ஆனால் விடாமல் செய்தவர்களின் பாதம் தப்புகிறது. பெரிய வியாழனன்று ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவினதை நினைவுகூரப்போகிறோம். மறுதலிக்கப்போகிற பேதுருவின் காலும், காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் காலும் அந்தத் தண்ணீரில் இருந்தன.

நம் வீடுகளிலும் தினம் கழுவ வேண்டிய கால்கள் உண்டு. நினைவு தப்பிய தாயார் ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறார். இருபதாவது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். அதோடு, அவரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். அவளுடைய பொறுமைக்கும் எருப்போட ஆள் வேண்டும். குடியில் விழுந்த மகனுக்காக அழுகிற தகப்பனே, அவனை வெறுக்காதிரும். அவன் கையில் பணமும் கொடுக்காதிரும். சிகிச்சைக்கு அழைத்துப் போகும். அவன் திரும்ப விழுந்தால் திரும்பவும் அழைத்துப் போகும். பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அவனோடு உட்கார்ந்து புத்தகத்தைத் திறங்கள்.

சபைக்குள் நடக்கிற வழக்குகளையும் தேர்தல் பகைகளையும் நினைத்து என் இருதயம் துக்கப்படுகிறது. பல வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் பங்குபெற்று, ஒருவரோடொருவர் பேசாத குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. எதிராளி வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருப்பது பொறுமை என்று எண்ணாதீர்கள். ஈஸ்டருக்கு முன்பு நீங்களே அந்த வீட்டுப் படியேறுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர்.

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை தேர்ச்சியை, தேர்ச்சி நம்பிக்கையை உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு வரிசைப்படுத்திக் காட்டினார். அந்த வரிசையை வாசித்து, உபத்திரவம் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உபத்திரவம் தானாக யாரையும் நல்லவர் ஆக்குவதில்லை. கசப்பாக்கவும் அதனால் முடியும். பரிசுத்த ஆவியானவர் தேவ அன்பை இருதயத்தில் ஊற்றுவதினாலேதான் அது நம்பிக்கையில் போய் முடிகிறது என்று அடுத்த வசனம் சொல்லுகிறது. ஆகவே பொறுமையை நம்முடைய மனபலத்தால் தயாரிக்க முயல வேண்டாம். கலாத்தியர் நிருபத்தில் அது ஆவியின் கனியாக எண்ணப்பட்டிருக்கிறது. கேட்கிறவர்களுக்குப் பிதா ஆவியைக் கொடுப்பார். கேளுங்கள், எழுந்து வேலையைத் தொடங்குங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு பெயரை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கைவிடலாம் என்று முடிவு செய்திருந்த ஒருவருடைய பெயர். அவருக்காக ஜெபியுங்கள், ஜெபித்த பிறகு, அவருக்காக உங்கள் கையால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்யுங்கள். அடுத்த வாரமும் செய்யுங்கள். பலன் தெரியாவிட்டாலும் செய்யுங்கள்.

ஜெபம் செய்வோம்.

எங்கள் பரம பிதாவே, எங்களைப் பொறுத்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் அடைக்க முடியாத கடனை உம்முடைய குமாரனுக்குள் தள்ளிவிட்டீர். மரத்துப்போன எங்கள் இருதயங்களுக்கு உணர்வைத் திரும்பக் கொடும். பாடுபடுகிறவர்களுக்குப் போதிக்காமல் அவர்களோடு உட்காரக் கற்றுத் தாரும். நீதி கேட்டுக் காத்திருப்போரின் கைகளைத் திடப்படுத்தும். திருமணியிலும் நாடெங்கும் தொழுநோயாளருக்கு ஊழியம் செய்கிற மருத்துவர்களையும் செவிலியரையும், மருந்து எடுத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதியும். கடலுக்குப் போகிறவர்களையும் கழனிக்குப் போகிறவர்களையும் காத்துக்கொள்ளும். நீர் எங்களை விட்டுவிடாததுபோல நாங்களும் ஒருவரையொருவர் விட்டுவிடாதிருக்க உம்முடைய ஆவியைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.